31 அக்டோபர் 1971: ஒரு தேர்தலைத் தேடி ஆறு நாள்

முதல் நாள், செவ்வாய். பெர்ன்

சுவிட்சர்லாந்து போகிறேன் என்றதும் தெருவில் எல்லாரும் பனிமலைப் படம் அனுப்பச் சொன்னார்கள். மன்னிக்கவும், இந்தத் தடவை மலை கொஞ்சம்தான் வரும். மகள் வீட்டில் மூன்று வாரம் துணி மடித்தும் பேரனுக்கு இட்லி ஊட்டியும் அலுத்துப்போய், ஒரு வேலையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன். அதற்குக் காரணம் எதிர் வீட்டுப் பாட்டி.

பாட்டி என்கிறேன், ஆனால் என்னைவிடப் பதினைந்து வயதுதான் மூத்தவர், எண்பதைத் தாண்டியும் மூன்று மாடி படியேறுகிறார். நேற்று மாலை காபிக்குக் கூப்பிட்டிருந்தார். நான் ஊரில் என்ன செய்தேன் என்று கேட்டார். பள்ளிக்கூட டீச்சர், முப்பது வருடத்தில் பத்துப் பன்னிரண்டு தேர்தல் டூட்டி பார்த்தேன் என்று மகள் மொழிபெயர்த்துச் சொன்னாள். பூத்துக்கு முந்தின ராத்திரியே போய் பெஞ்சில் படுப்பது, காலையில் மாதிரி வாக்குப்பதிவு, சாயங்காலம் பதிவான ஓட்டுக் கணக்கு எழுதும் 17சி படிவத்தை நிரப்பி முடிப்பதற்குள் முதுகு ஒடிவது, எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டி சிரித்துவிட்டு, "எனக்கு முதல் ஓட்டு 28 வயதில்தான் கிடைத்தது" என்றார்.

மகள் தப்பாக மொழிபெயர்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். இங்கே ஆணுக்கு அப்போது 20 வயதில் ஓட்டு. இவருக்கு ஏன் 28? இந்த நாட்டுப் பெண்களுக்கே நாடாளுமன்ற ஓட்டு அப்போதுதான் வந்ததாம். 1971 பிப்ரவரி 7ஆம் தேதி ஆண்கள் மட்டும் ஓட்டுப் போட்டு, பெண்களுக்கு ஓட்டு கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். அதே வருடம் அக்டோபர் 31இல் நாடாளுமன்றத் தேர்தல், பெண்கள் வாக்களித்த முதல் தேர்தல். கைக்கடிகாரத்துக்கும் வங்கிக்கும் பேர்போன நாடு, 1971 வரை பாதிப் பேரை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது!

பாட்டியின் அப்பா, 1959இல் இதே கேள்வி முதல் தடவை வாக்கெடுப்புக்கு வந்தபோது வேண்டாம் என்று போட்டவர். 1971இலும் வேண்டாம் என்றுதான் போட்டாராம். "கெட்டவர் இல்லை, அப்பென்செல்காரர்" என்றார், ஒரு நோயின் பெயரைச் சொல்வது போல. (அந்த ஊருக்கு ஆறாம் நாள் போவோம்.) பாட்டியின் அம்மாவைப் பற்றிக் கேட்டேன். காபியில் சர்க்கரை போட்டுக்கொண்டே இருந்தார்.

ராத்திரி எண்களைத் தேடிப் பார்த்தேன், டீச்சர் புத்தி. 1959இல் ஆம் 3,23,727, இல்லை 6,54,939. 1971இல் ஆம் 6,21,109, இல்லை 3,23,882. மறுபடி ஒரு தடவை பாருங்கள். 1959இல் தோற்ற ஆம் ஓட்டுக்கும் 1971இல் தோற்ற இல்லை ஓட்டுக்கும் வித்தியாசம் வெறும் 155. தற்செயல்தான், ஆனாலும் பன்னிரண்டு வருடத்தில் தராசு அப்படியே மாறி நின்றிருக்கிறது. மாப்பிள்ளையை எழுப்பிக் காட்டினேன். "நல்லாயிருக்கு அத்தை, தூங்குங்க" என்றார்.

இரண்டாம் நாள், புதன். பூண்டெஸ்ஹவுஸ்

நாடாளுமன்றத்துக்கு இங்கே பூண்டெஸ்ஹவுஸ் என்று பெயர். கூட்டத்தொடர் இல்லாத நாளில் இலவசமாகவே சுற்றிக் காட்டுகிறார்கள், முன்பதிவு செய்து பாஸ்போர்ட் எடுத்துப் போக வேண்டும், உள்ளே விமான நிலையம் மாதிரிச் சோதனை. என் கைப்பையில் இருந்த ஊறுகாய் டப்பாவை ஸ்கேன் செய்த பையன் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தான். (அது எதற்குப் பையில் இருந்தது என்று மகளும் கேட்டாள். இருந்தது, அவ்வளவுதான்.)

வாசலில் இருக்கிற சதுக்கத்தில் தரையிலிருந்து 26 நீரூற்றுகள் பீறிடுகின்றன, கான்டன் ஒன்றுக்கு ஒன்று. கான்டன் என்றால் நம்ம மாநிலம் மாதிரி, ஆனால் அதைவிட முரண்டு பிடிப்பது. இதே சதுக்கத்தில்தான் 1969 மார்ச் 1ஆம் தேதி ஆயிரக்கணக்கான பெண்கள் விசில் அடித்திருக்கிறார்கள். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் அரசு கையெழுத்துப் போட நினைத்தது, ஆனால் பெண்களுக்கு ஓட்டு இல்லாத விஷயத்தை மட்டும் விதிவிலக்காக ஒதுக்கி வைத்துவிட்டு. மனித உரிமையில் கையெழுத்து, மனிதரில் பாதிப் பேருக்கு விலக்கு. எமிலி லீபெர்ஹெர் என்ற பெண் சிவப்புக் கோட்டோடு மேடையேறிப் பேசினார், கீழே விசில். அரசு அப்புறம்தான் இரண்டாவது வாக்கெடுப்புக்கு அசைந்தது. அதற்கு நாற்பது வருடம் முன்னால், 1929இல், ஏறக்குறைய 2.5 இலட்சம் கையெழுத்தோடு மனு கொடுத்தபோது அசையவில்லை. அதற்கும் முந்தின வருடம் இதே பெர்னில் நடந்த பெண்கள் தொழில் கண்காட்சி ஊர்வலத்தில் பெரிய நத்தை ஒன்றைச் செய்து இழுத்துப் போனார்களாம், ஓட்டுரிமை எந்த வேகத்தில் வருகிறது என்று காட்டுவதற்கு. நத்தைக்கு அதற்கப்புறமும் 43 வருடம் பிடித்தது.

உள்ளே தேசிய அவை, அதாவது கீழவை, 200 இருக்கை. முன்சுவர் முழுக்க ஒரே ஓவியம், ஏரியும் மலையும். 1291இல் மூன்று கான்டன்காரர்கள் சத்தியம் செய்ததாகச் சொல்லும் ரூட்லி புல்வெளி அதில் இருக்கிறது. பாறைக்குள் ஒரு மீனை ஒளித்து வரைந்திருக்கிறார் ஓவியர், வழிகாட்டிப் பெண் காட்டும்வரை எனக்குத் தெரியவில்லை. மேகத்தை உற்றுப் பார்த்தால் அதிலும் ஓர் உருவம், ஒரு பெண்தேவதை. ஓவியத்துக்கு ஒரு பக்கம் சுவிஸ் கதைநாயகன் வில்லியம் டெல் சிலை, மறுபக்கம் ஸ்டவுஃபாகர் என்பவரின் மனைவி சிலை. கொடுங்கோலனை எதிர்க்கச் சொல்லிப் புருஷனுக்கு யோசனை சொன்ன பெண் என்று கதை. கட்டடம் 1902இல் திறந்தது. ஆக, 69 வருடம் இந்த அவையில் நிரந்தரமாக இடம் பிடித்திருந்த பெண்கள் இரண்டு பேர், ஒருத்தி கல்லில், இன்னொருத்தி மேகத்தில். இதை வழிகாட்டியிடம் சொன்னேன், அவர் சிரித்ததில் கூட வந்த ஜெர்மன் தாத்தாக்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது சில மேசைகளில் சின்ன உலோகத் தகடு இருக்கிறது, 1971இல் வந்தவர்களின் பெயர்கள். தேர்தலில் ஜெயித்தவர்கள் 10 பேர். நவம்பர் 29இல் அவை கூடிய அன்றே 11 ஆகிவிட்டார்கள். சாங்க்ட் காலனைச் சேர்ந்த ஓர் ஆண் உறுப்பினர் மேலவைக்குப் போனதால், அதே பட்டியலில் அடுத்து இருந்த ஹன்னா சால்ஃபெல்ட்டுக்கு இடம் வந்தது. அவர் புராட்டஸ்டன்ட் பாதிரியார். குருமார் தேசிய அவையில் உட்காரக் கூடாது என்று 1874 அரசியல் சட்டம் சொன்னது, அதனால் பாதிரியார் வேலையை விட வேண்டியதாயிற்று. ஒரு கதவு திறந்த அன்றைக்கே இன்னொரு கதவு அவருக்குச் சாத்தப்பட்டது. மேலவைக்கு ஜெனீவாவிலிருந்து லீஸ் ஜிரார்தென் வந்தார். வலே கான்டனிலிருந்து வந்த காப்ரியேல் நான்ஷெனுக்கு வயது 28, நம்ம பாட்டிக்கு முதல் ஓட்டு கிடைத்த அதே வயது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தவர் எலிசபெத் புளுன்ஷி. ஷ்வீஸ் கான்டன்காரர். 1971 பிப்ரவரியில் வேண்டாம் என்று சொன்ன கான்டன்களில் ஷ்வீஸும் ஒன்று. ஊரி, கிளாரஸ், துர்காவ், சாங்க்ட் காலன், அப்பென்செல் இரண்டும், ஓப்வால்டனும் அந்த அணியில். எட்டே மாதம் கழித்து ஷ்வீஸ் அந்த அம்மாவையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. கூத்து அதோடு முடியவில்லை. கான்டன் தேர்தலில் பெண்கள் ஓட்டுப் போட ஷ்வீஸ் 1972இல்தான் ஒத்துக்கொண்டது. அதாவது நாட்டுக்கே சட்டம் போடும் அவையில் அந்த அம்மா உறுப்பினர், ஆனால் சொந்தக் கான்டன் விஷயத்தில் கையைத் தூக்க முடியாது. 1977இல் அவரே தேசிய அவைக்குத் தலைவர் ஆனார், பெண்களில் முதல் ஆள்.

சாயங்காலம் பாட்டியிடம் தகடுகளைப் பற்றிச் சொன்னேன். பெர்ன் தகடு எது என்று கேட்டார். தேடிப் பார்த்தால், தலைநகரம் இருக்கிற பெர்ன் கான்டனிலிருந்து 1971இல் ஒரு பெண்கூட ஜெயிக்கவில்லை. "தெரியும், சும்மா கேட்டேன்" என்றார். அவர் ஒரு பெண் பெயரை இரண்டு தடவை எழுதிப் போட்டுவிட்டு வந்தவர்.

இரண்டு தடவை எழுதலாமா? எழுதலாம். கட்சி ஒரு பட்டியல் அச்சடித்துத் தரும், கான்டனுக்கு எத்தனை இடமோ அத்தனை பெயர்வரை. பிடிக்காத பெயரை அடித்துவிடலாம், பிடித்த பெயரை இரண்டு தடவை எழுதலாம், எதிர்க்கட்சி ஆளையே நம்ம பட்டியலுக்குள் கொண்டுவரலாம். விகிதாசாரத் தேர்தல் வந்த 1919இலிருந்து இப்படித்தான். பேனாவைக் கையில் கொடுத்து அடி, எழுது என்று விட்டால் நம்ம ஊரில் எத்தனை செல்லாத ஓட்டு விழும் என்று யோசித்தேன், எண்ணுகிற டீச்சர்களை நினைத்து வயிறு கலங்கியது.

மூன்றாம் நாள், வியாழன். உன்டர்பேஹ்

சரி, மலை கேட்டவர்களுக்கு இன்று மலை. பெர்னிலிருந்து ரயில் 34 கிலோமீட்டருக்கு மேல் நீளமான குகைக்குள் போய் வலே கான்டனில் வெளியே வந்தது. விஸ்ப்பில் மாறி ராரோன் போனேன். பாறை மேலே ஒரு தேவாலயம், கவிஞர் ரில்கேயின் கல்லறை அங்கேதான். நான் ஏறவில்லை, முழங்கால் கேட்கவில்லை. கேபிள் காரில் உன்டர்பேஹ், 1,200 மீட்டருக்கு மேலே. கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்று போனேன், படம் எதுவும் எடுக்கவில்லை. மலை கேட்டவர்கள் மறுபடியும் மன்னிக்க.

மேலே வந்தது மர வீடுகளுக்காக இல்லை. 1957 மார்ச்சில் குடிமக்கள் பாதுகாப்புப் பணி பற்றி ஒரு வாக்கெடுப்பு. பெண்களையும் அந்தப் பணியில் கட்டாயமாகச் சேர்க்கலாமா என்பது கேள்வி, பதில் சொல்கிறவர்கள் ஆண்கள் மட்டும். ராரோனைச் சேர்ந்த வழக்கறிஞர் பீட்டர் ஃபான் ரோட்டனுக்கும், அவர் மனைவி, எழுத்தாளர் ஐரிஸுக்கும் இது பொறுக்கவில்லை. உன்டர்பேஹ் ஊராட்சித் தலைவர் பவுல் ட்ஸென்ஹொய்சர்ன் அவர்கள் பேச்சைக் கேட்டார், எங்கள் ஊர்ப் பெண்களும் ஓட்டுப் போடுவார்கள் என்று ஊராட்சி முடிவு செய்தது. மேலிடம் கூடாது என்றது. கேட்கவில்லை. 33 பெண்கள் வந்தார்கள், முதல் சீட்டைப் போட்டவர் தலைவரின் மனைவி கத்தரீனா. அந்தச் சீட்டுகளுக்குத் தனிப் பெட்டி, கணக்கில் சேரவில்லை.

தனிப் பெட்டி என்றதும் எனக்குள் இருந்த பிரிசைடிங் ஆபீசர் விழித்துக்கொண்டாள். செல்லாது என்று தெரிந்தே வரிசையில் நிற்பதற்கு, பனிக்காலத்தில், பக்கத்து வீட்டு ஆண்கள் என்ன சொல்வார்கள் என்று தெரிந்தே நிற்பதற்கு, ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். எங்கள் பூத்தில் ஒரு தடவை பெயர் விட்டுப்போன அம்மா ஒருவர், ஓட்டு இல்லை என்று நான் சொன்ன பிறகும் சாயங்காலம்வரை வராண்டாவில் உட்கார்ந்திருந்தார். விதிப்படிதான் அனுப்பினேன். இருந்தாலும் அந்த முகம் இன்று மலையில் வந்தது.

இந்த ஊரைச் சுவிஸ் பெண்களின் ரூட்லி என்கிறார்கள். 1984இல் முதல் பெண் அமைச்சரான எலிசபெத் கோப்புக்கு அப்புறம் ஊர் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. நான் போனபோது தெருவில் ஒரு பூனையும் டிராக்டர் கழுவுகிற ஒருவரும்தான். டீக்கடை மாதிரி இருந்த இடத்தில் சூப் குடித்தேன், உப்பு போதவில்லை. ஊறுகாய் எதற்கு என்று கேட்டாளே.

நான்காம் நாள், வெள்ளி. நெஷாத்தெல், அப்புறம் கோயில்

பெர்னிலிருந்து முக்கால் மணி நேரம்கூட இல்லை, பேச்சு பிரெஞ்சாக மாறிவிடுகிறது, கட்டடமெல்லாம் மஞ்சள் கல். இந்த நெஷாத்தெல் 1959இல் ஆம் என்று சொன்ன மூன்று கான்டன்களில் ஒன்று, மற்றவை வோ, ஜெனீவா. நாடு மறுத்தாலும் நாங்கள் எங்கள் எல்லைக்குள் கொடுக்கிறோம் என்று அந்த வருடமே கான்டன் ஓட்டைக் கொடுத்துவிட்டார்கள்.

ஏரிக்கரையில் பல்கலைக்கழகக் கட்டடம், வாசலில் எஸ்பாஸ் டீலோ ஃப்ரை என்று பெயர்ப்பலகை. 1971இன் பெண்களில் ஒருவர் இந்த டீலோ ஃப்ரை. பிறந்தது காமரூனில், 1923இல். அம்மா ஆப்பிரிக்கப் பெண், அப்பா சுவிஸ்காரர். சின்ன வயதிலேயே இங்கே வந்து, படித்து, டீச்சரானவர் (நம்ம ஆள்!). நாடாளுமன்றத்துக்கு வந்த முதல் கறுப்பினத்தவரும் அவரே. அவைக்குக் கருமையான உடை வழக்கம், இவர் முதல் நாளே வெள்ளை உடையில் வந்தார். ஒரு தவணைதான் இருந்தார், 1975இல் போய்விட்டார், 2008இல் இறந்தார், அதற்குள் பலரும் மறந்தும்விட்டார்கள். இந்த இடத்துக்கு முன்பு லூயி அகாசி என்ற விஞ்ஞானியின் பெயர். பனிப்பாறை ஆராய்ச்சியில் பெரிய ஆள், ஆனால் கறுப்பர் தாழ்ந்த இனம் என்று எழுதியவர். 2019இல் அவர் பெயரை எடுத்துவிட்டு இவர் பெயரை வைத்தார்கள். பலகைக்குக் கீழே பையன்கள் சைக்கிள் பூட்டிக்கொண்டிருந்தார்கள், யார் இவர் என்று ஒருவனிடம் கேட்டேன். தெரியவில்லை, போனில் தேடி எனக்கே வாசித்துக் காட்டினான்.

சாயங்காலம் பெர்ன் கோயில். பல மதத்தாருக்கும் ஒரே கட்டடத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள், அதில் நம்ம சிவனுக்கும் ஒரு பகுதி. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற யாழ்ப்பாணத்து அக்கா, எண்பதுகளில் வந்தவர். இந்தக் கதையைச் சொன்னதும், "எங்கட நாட்டில 1931லயே பொம்பிளையளுக்கு ஓட்டு வந்திட்டுது, தெரியுமோ?" என்றார். தெரியும், இலங்கையில் அந்த வருடமே எல்லாருக்கும் வாக்குரிமை. உங்கள் அம்மம்மா போட்டிருப்பாரே என்றேன். அக்கா சிரித்தார். "எங்க போட்டவ! யாழ்ப்பாணத்தில அந்தத் தேர்தலையே பகிஷ்கரிச்சவை." வாலிபர் காங்கிரஸ் முழு சுயராச்சியம் கேட்டுப் புறக்கணித்ததில் வடக்கில் நாலு தொகுதி காலியாகக் கிடந்ததாம். சுவிஸ் பெண்களுக்கு முன்னால் ஓட்டு கிடைத்தும் கிழவி போடாமல் இருந்திருக்கிறாள். அக்கா இங்கே குடியுரிமை வாங்கி முதல் ஓட்டுப் போட்டது தபாலில், சமையலறை மேசையில் வைத்து உறை ஒட்டினாராம். இங்கே இப்போது பெரும்பாலும் தபால்தான், மை இல்லை, வரிசை இல்லை. எனக்கு அது கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது.

ஐந்தாம் நாள், சனி

மழை. பேரனுக்குச் சளி. துணி மடித்தேன்.

ஆறாம் நாள், ஞாயிறு. அப்பென்செல்

ஏப்ரல் கடைசி ஞாயிறு, லான்ட்ஸ்கெமைன்டே. ஊரே சதுக்கத்தில் கூடி, கையைத் தூக்கிச் சட்டம் போடுகிற நாள். அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற இந்தக் குட்டிக் கான்டனும் கிளாரஸும்தான் இன்னும் இதை விடாமல் நடத்துகின்றன. விடியற்காலை ரயில், கோசாவில் மாறி சிவப்புச் சின்ன ரயில், வெளியே பச்சையும் மாடும். மகள் சொன்னது போலவே பெட்டியில் வந்த ஆண்களில் பாதிப் பேர் இடுப்பில் வாள். அப்பாவிடமிருந்து மகனுக்கு வருகிற வாள். இன்றைக்கு அதுதான் அவர்களுக்கு வாக்காளர் அட்டை.

மதியம் தேவாலயத்திலிருந்து கருப்பு அங்கியில் ஊர்வலம், மேளம். கயிறு கட்டிய வட்டத்துக்குள் வாக்காளர்கள், வெளியே எங்களைப் போன்ற வேடிக்கை பார்க்கிறவர்கள். பெண்கள் அச்சடித்த அட்டையைக் காட்டி உள்ளே போகிறார்கள். 1971 தேர்தலில் இந்தப் பெண்களும் நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட்டார்கள், அது நாட்டுச் சட்டம், ஆனால் இந்த வட்டத்துக்குள் விடவில்லை. 1973இல் கேட்டார்கள், கைகள் இல்லை என்றன. 1982, இல்லை. 1990 ஏப்ரல், மறுபடியும் இல்லை. அந்த வருடம் நவம்பர் 27இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. உங்கள் கான்டன் சட்டத்தில் நாட்டார் என்று எழுதியிருக்கிறதே, அந்தச் சொல்லில் பெண்களும் அடக்கம் என்று தீர்ப்பு. புதுச் சட்டம் ஒன்றும் தேவைப்படவில்லை, இருந்த சொல்லை ஒழுங்காக வாசித்தால் போதுமாக இருந்தது. 1991 ஏப்ரலில் பெண்கள் உள்ளே வந்தார்கள். எட்டு வருடத்தில், 1999இல், இதே ஊர் அரசியலிலிருந்து ரூத் மெட்ஸ்லர் என்ற பெண் மத்திய அமைச்சரானார். அதையும் சொல்ல வேண்டும்.

கை தூக்குவதை யாரும் எண்ணுவதில்லை. மேடையிலிருந்து தலைவர் ஒரு பார்வை பார்த்துப் பெரும்பான்மை எது என்று சொல்லிவிடுகிறார். சந்தேகம் என்றால் மட்டும் ஆட்களைத் தனித்தனியாக வெளியே நடக்கவிட்டு எண்ணுவார்களாம். 17சி நிரப்பிய கைக்கு இது தாங்கவில்லை, ஏஜெண்ட் கையெழுத்து எங்கே என்று கத்தவேண்டும் போல இருந்தது. ரகசிய வாக்குக்கும் வழியில்லை. மாமனார் பக்கத்தில் நின்றுகொண்டு மருமகள் எப்படிக் கை தூக்குவாள்? என் பக்கத்தில் கயிற்றுக்கு வெளியே நின்ற ஒரு பெண்மணி, பக்கத்துக் கான்டன்காரர், அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார், இங்கே எல்லாருக்கும் எல்லாரும் எப்படிப் போட்டார்கள் என்று தெரியும், அதனால் திங்கட்கிழமை பேக்கரியில் பேச்சு சுவாரசியமாக இருக்கும் என்று. உள்ளே ஒரு தாத்தாவும் பேத்தியும் அருகருகே நின்றார்கள், ஒரு தீர்மானத்துக்குத் தாத்தா கை உயர்ந்தது, பேத்தி கை உயரவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். அவள் மேடையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

திரும்பும்போது ஊர்ப் பலகாரம் பீபெர் வாங்கினேன், தேனும் மசாலாவும் போட்டு உள்ளே பாதாம் வைத்த ரொட்டி. ராத்திரி ஒன்பதரைக்குப் பாட்டி கதவைத் தட்டிக் கொடுத்தேன், மகள் பின்னால் நின்று மொழிபெயர்த்தாள். பிரித்துப் பார்த்தார், எங்கே வாங்கியது என்று பொட்டலத்தில் எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டு வாசித்தார்.

"இதில் மட்டும் அவர்களைக் குறை சொல்ல முடியாது" என்று சொல்லி ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.